இளம் வைரியா, பெஸ்ராவா? தொண்டையும் வாலும் சொல்லும்

ஷிக்ரா எனப்படும் வைரி ஒரு சிறு வேட்டைப் பறவை. அது முதிர்ந்துவிட்டால் சிக்கல் குறைவு: சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். முதல் ஆண்டுப் பறவைதான் ஆளைக் குழப்பும். பழுப்பு முதுகு, வெளிர் மார்பில் நெடுக்காக ஓடும் தீற்றல்கள், மஞ்சள் கண். அதைப் போன்ற இன்னொரு வேட்டைப் பறவையான பெஸ்ராவும் இந்த வயதில் அப்படியேதான் இருக்கும்.

1. முதலில் அது வேட்டைப் பறவைதானா என்று பாருங்கள். இளம் அக்காக்குயில் நிறத்திலும் வால் பட்டையிலும் வைரியை உரித்து வைத்திருக்கும். வைரியின் அலகு குட்டை, நுனி கொக்கிபோல் வளைந்தது. குயிலின் அலகு ஏறக்குறைய நேர். குயிலுக்குக் கால்விரல்கள் முன்னே இரண்டு, பின்னே இரண்டு.

2. அடுத்து தொண்டை. நடுவில் செங்குத்தாக ஒரு கருங்கோடு ஓடும். வைரிக்கு மெல்லியது, பெஸ்ராவுக்குத் தடித்தது. தவறு நடப்பதும் இங்கேதான்: பறவை தலையைக் குனிந்தால் தொண்டை இறகுகள் நெருங்கி, வைரியின் கோடும் தடித்துத் தெரியும். பறவை நிமிர்ந்து உங்களை நேராகப் பார்க்கும்போது எடுத்த படத்தை மட்டும் நம்புங்கள். பல படங்களை ஒப்பிடுவது இன்னும் நல்லது.

3. வாலில் கரும்பட்டையின் அகலத்தை அதன் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். வைரியில் பட்டை குறுகல், இடைவெளி அகலம். பெஸ்ராவில் இரண்டும் ஏறத்தாழ சமம், சில சமயம் பட்டையே அகலம். நடு இறகுகளில்தான் பார்க்க வேண்டும். ஓர இறகுகளில் பட்டைகள் நெருக்கமாக இருப்பதால் கணக்குத் தவறும்.

4. பெஸ்ராவின் கால் மெலிந்தது, நடுவிரல் மிக நீளம். கிளையில் மறையாமல் இருந்தால் நல்ல சான்று.

5. பறக்கும்போது சிறகு நுனியில் விரல்போல் பிரியும் இறகுகளை எண்ணுங்கள். வைரிக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து. இவற்றைப் போன்ற இன்னொரு வேட்டைப் பறவையான யூரேசியன் ஸ்பாரோஹாக்குக்கு ஆறு. இறகு உதிர்ந்திருக்கலாம் என்பதால் இரு சிறகுகளையும் எண்ணுங்கள்.

உருவ அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். இவ்வினங்களில் பெண் ஆணைவிடப் பெரிது. பெண் வைரியும் ஆண் பெஸ்ராவும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும். அடர்காடு பெஸ்ராவின் இடம், திறந்தவெளியும் ஊர்ப்புறமும் வைரியின் இடம் என்பதைத் துணைச்சான்றாக மட்டும் கொள்ளுங்கள். காட்டோரத்தில் வைரியும் திரியும்.

தொண்டை ஒன்றும் வால் வேறொன்றும் சொன்னால் பட்டியலில் ‘வைரி அல்லது பெஸ்ரா’ என்றே பதியுங்கள்.