ஹெட்லைட், ஃபாக் லைட் பல்பு வீட்டிலேயே மாற்ற: ஏற்காடு மலைச் சாலையில் ஓடும் காருக்கு

ஹெட்லைட் பல்பு மாற்றுவது பத்து நிமிட வேலை. மாற்றிய பல்பு வெளிச்சத்தை எங்கே போடுகிறது என்று சுவரில் அடித்துப் பார்க்க இன்னொரு பத்து நிமிடம் வேண்டும். அந்த இரண்டாவது பத்து நிமிடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சேலத்தில் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு என்று ஊருக்குள் ஓட்டும் வரை தெருவிளக்கு காப்பாற்றிவிடும். ஏற்காடு அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் ஏறும்போது குட்டு வெளிப்படும்: பல்பு புதுசு, வெளிச்சம் மட்டும் மரத்து உச்சியில்.

முதலில், போனது பல்புதானா?

ஒரு பக்கம் டிம் எரியவில்லை, அதே பக்கம் பிரைட் எரிகிறது என்றால் பெரும்பாலும் பல்புதான். இரண்டு பக்கமும் டிம் இல்லை என்றால் உடனே இரண்டு பல்பு வாங்க ஓடாதீர்கள். ஃபியூஸைப் பாருங்கள், பல கார்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அடுத்து விளக்குக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் ரிலே, ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச். இதெல்லாம் சரியாக இருந்தால், ஒரு பல்பு முன்பே போயிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். இன்றைக்குப் போனது இரண்டாவது.

சந்தேகம் தீர எளிய வழி, நல்ல பக்கத்துப் பல்பைக் கழற்றி இந்தப் பக்கம் போட்டுப் பார்ப்பது. எரிந்தால் பழைய பல்புதான் குற்றவாளி. எரியாவிட்டால் கப்ளர் (பல்பின் பின்களில் மாட்டும் ஒயர் முனை), ஒயர், எர்த்து. டிம் போட்டதும் மீட்டரில் பிரைட் அடையாளம் மங்கலாக எரிந்தால் எர்த்தைப் பிடியுங்கள். கரண்ட் திரும்ப வழியில்லாமல் இன்னொரு இழை வழியாகச் சுற்றி வருகிறது.

என்ன பல்பு வாங்குவது?

காரோடு வந்த புத்தகத்தில் பல்பின் வகை போட்டிருக்கும். பழைய பல்பின் இரும்பு அடியிலும் அச்சிட்டிருக்கும். டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் உள்ள ஹாலஜன் ஹெட்லைட் என்றால் பெரும்பாலும் எச்4, 12 வோல்ட், 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55). டிம்முக்குத் தனி, பிரைட்டுக்குத் தனி என்று இருந்தால் எச்7, எச்1, எச்பி3 போன்றவற்றில் ஒன்றாக இருக்கும். ஃபாக் லைட்டில் எச்8, எச்11, எச்16 பரவலாக உண்டு; சில மாடல்களில் 27 வாட் எச்27.

சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் லாரி ஊர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 24 வோல்ட் எச்4 பல்பும் அதே அலமாரியில் இருக்கும். அளவு, அடிப்பாகம், மூன்று பின் எல்லாம் ஒன்றே. காரில் கச்சிதமாகப் பொருந்தும், மெழுகுவர்த்தி போல எரியும். அதில் 75/70 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாட் கூடுதல் என்று மகிழ வேண்டாம். பில் போடும் முன் 12 வோல்ட் என்ற எழுத்தைப் படியுங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரே நாளில் போட்ட பல்புகள் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் போகும். பழசு ஒரு பக்கம் மஞ்சள், புதுசு ஒரு பக்கம் வெள்ளை என்று ஓட்டினால் கண்ணுக்கும் தொல்லை.

கடைக்காரர் 100/90 வாட் பல்பை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 60 வாட்டுக்கு ஒயரில் ஓடுவது 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு 8-க்கு மேல். ஒயரிலும் கப்ளரிலும் ஏறும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆறு மாதத்தில் கப்ளர் பழுப்பாகி உருகும், உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருக்கும். ரிஃப்ளெக்டர் போய்விட்டால் எந்தப் பல்பு போட்டாலும் பயனில்லை, முழு விளக்கையே மாற்ற வேண்டும்.

ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். நுனிப் பக்கம் இருப்பது டிம் இழை. அதற்குக் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு தகரக் கிண்ணம். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அந்தக் கிண்ணம் தடுத்துவிடுகிறது. மேல்நோக்கிப் போவது மட்டும் ரிஃப்ளெக்டரில் பட்டு சாலையில் இறங்குகிறது. எதிரே வருபவர் கண் கூசாமல் இருப்பது அந்தச் சின்னத் தகரத்தின் தயவு. பல்பு ஹோல்டரில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் இந்தக் கணக்கு முழுக்கத் தப்பிவிடும்.

ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு போடுவதில் உள்ள சிக்கலும் இதுதான். முடி போன்ற இழை இருக்க வேண்டிய இடத்தில் தட்டையான சிப். ரிஃப்ளெக்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல; வெளிச்சம் மேலேயும் பக்கத்திலும் சிதறும். ஊருக்குள் பளீரென்று தெரியும். மூடுபனியில் சிதறிய வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். பின்னால் துருத்தும் சின்ன ஃபேனுக்காக, விளக்கின் பின்புறத்தை மூடும் ரப்பர் உறையான 'பூட்'டை வெட்டிவிடுவார்கள், அந்த ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போகும். கம்பெனியிலேயே எல்இடி, செனான் விளக்கோடு வந்த கார் என்றால் இந்த வேலையே வேறு. எல்இடியில் பெரும்பாலும் மாற்றுவதற்குப் பல்பே கிடையாது. செனானைப் பற்ற வைக்கும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட், வீட்டில் கை வைக்காதீர்கள்.

கழற்றும் முன் சுவரில் கோடு

ஏற்காட்டில் வீட்டு வாசல் பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும். தட்டையான தரை தேடி அலைய வேண்டாம். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி காரை நிறுத்தி, நன்றாக எரியும் பக்கத்து டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் அது இடதுபுறம் கொஞ்சம் மேலேறும். அந்தக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கார் நிற்கும் இடத்தை டயர் ஓரம் சாக்பீஸால் குறியுங்கள். பல்பு போட்ட பிறகு இதே இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஹெட்லைட்

எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கால் மணி நேரம் ஆற விடுங்கள். ஹாலஜன் கண்ணாடி அணைத்த பிறகும் விரலைச் சுடும். பானெட்டைத் திறந்து விளக்கின் பின்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் ஓடும் கார்களில் வெள்ளைக்கல் தூசு மாவு மாதிரி படிந்திருக்கும். ரப்பர் பூட்டை இழுத்ததும் அந்தத் தூசு ரிஃப்ளெக்டருக்குள் கொட்டினால் திரும்ப எடுக்க முடியாது.

கப்ளரை அதன் உடம்பைப் பிடித்து நேராகப் பின்னால் இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் ஒயர்தான் கையோடு வரும். இறுகியிருந்தால் மேலும் கீழும் லேசாக அசையுங்கள். அதன் பின்னால் ரப்பர் பூட். காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்து உரியுங்கள். சில கார்களில் ரப்பருக்குப் பதில் திருகும் மூடி இருக்கும். இப்போது பல்பை அழுத்திப் பிடிக்கும் கம்பி ஸ்பிரிங் தெரியும். அதன் நுனியை உள்ளே அழுத்தி, பக்கவாட்டில் நகர்த்தி, கொக்கியிலிருந்து விடுவியுங்கள். கை மட்டும் போய் கண் போகாத இடம் என்றால் போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து கண்ணாடியாக வையுங்கள். பேட்டரியோ ஏர் ஃபில்டர் டப்பாவோ மறித்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வதே நல்லது. இடுக்கில் முறுக்கி இழுத்துத்தான் ஸ்பிரிங் வளைகிறது. வளைந்த ஸ்பிரிங் பல்பை இறுகப் பிடிக்காது, மலைச் சாலையின் குலுங்கலில் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கும்.

பழைய பல்பை நேராக எடுங்கள். புதிய பல்பை இரும்பு அடியைப் பிடித்து மட்டும் தூக்குங்கள். கண்ணாடியில் விரல் பட்டால், கையின் எண்ணெயும் வியர்வை உப்பும் அங்கே சுட்டு ஒட்டிக்கொள்ளும். குவார்ட்ஸ் கண்ணாடி அந்த இடத்தில் பால் நிறமாகி, கொப்புளம் போலப் புடைத்து, சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

எச்4 பல்பின் வட்டத்தில் மூன்று காதுகள் இருக்கும். அகலமான காது மேலே, கடிகாரத்தின் 12 இருக்கும் இடத்தில் வர வேண்டும். சரியாக உட்கார்ந்தால் பின்னால் உள்ள மூன்று பின்களும் தலைகீழாகக் கவிழ்த்த 'ப' மாதிரி நிற்கும். விரலால் தொட்டு அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. அதன் பிறகே ஸ்பிரிங்கை மாட்டுங்கள். சாய்ந்த பல்பின் மேல் ஸ்பிரிங்கை அழுத்தி மாட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

ரப்பர் பூட்டை மேல் பக்கக் குறி மேலே வரும்படி போட்டு, ஓரம் முழுக்க விரலால் சுற்றி அழுத்துங்கள். நடு ஓட்டை பல்பின் அடியை இறுகக் கவ்வியிருக்க வேண்டும், பின்கள் முழுதாக வெளியே தெரிய வேண்டும். பூட் ஒரு இடத்தில் மடங்கியிருந்தாலும் கீழே வெயிலில் காய்ந்த கார் 1500 மீட்டர் உயரக் குளிருக்குப் போனதும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மெல்லிய பூச்சாகப் படிந்து விளக்கு எரிந்த சூட்டில் கலைந்துவிட்டால் பயமில்லை. துளித்துளியாக வழிந்தால் பூட்டையோ விளக்கின் விரிசலையோ பாருங்கள்.

கப்ளரை மாட்டும் முன் அதன் உட்புறத்தைப் பாருங்கள். பழுப்பு நிறம், உருகிய தடம், பச்சைப் பூஞ்சை மாதிரித் துரு இருந்தால் தடித்த ஒயர் வைத்த செராமிக் ஹோல்டர் வாங்கி மாற்றுங்கள். புதுப் பல்பும் மங்கலாக எரிந்தால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியிலும் பல்பின் பின்னிலும் மல்டிமீட்டர் வையுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரிங்கில் இழப்பு. ஒரு வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த ஒயரில் கரண்ட் எடுக்கும் ரிலே கிட் போட வேண்டியது இதற்குத்தான், 100 வாட் பல்புக்காக அல்ல. பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுது. பல்பு அடிக்கடி போவதன் காரணம் அங்கே இருக்கும்.

ஃபாக் லைட்

இதற்குக் கீழேயிருந்து போக வேண்டும். இடது ஃபாக் லைட் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடியுங்கள். வலது என்றால் இடப்பக்கம். டயருக்கு முன்னால் கை போக இடம் கிடைக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயருக்குக் கல் வையுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். டயரைக் கழற்றாமலே பெரும்பாலான கார்களில் முடிந்துவிடும்.

டயரைச் சுற்றி உள்ள பிளாஸ்டிக் தடுப்பான வீல் லைனரின் முன் ஓரத்தில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் கிளிப்போ ஸ்க்ரூவோ இருக்கும். கிளிப்பின் நடு ஆணியைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிய பிறகே முழுக் கிளிப்பை இழுங்கள். சேறு இறுகியிருந்தால் தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். உடைந்தால் புதுசு மாட்டுங்கள், கட்டுக்கம்பி வேண்டாம். லைனரை மடக்கிப் பிடித்தால் ஃபாக் லைட்டின் பின்புறம் தெரியும். கப்ளரின் கொக்கியை அழுத்தி இழுத்து, பல்பைப் பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் அடியோடு வந்துவிடும். புதுசை அதே வழியில் உள்ளே விட்டு எதிர்த்திசையில் திருப்புங்கள். அடியில் உள்ள ரப்பர் வளையம் முறுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மழைத் தண்ணீரைத் தடுப்பது அதுதான்.

எச்8 35 வாட், எச்11 55 வாட், எச்16 19 வாட். மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாறிப் போகக் கூடாதென்றுதான் அடியில் காதுகளை வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காதைச் சீவி, 19 வாட் விளக்கில் 55 வாட் பல்பைத் திணித்துக் கொடுப்பவர்கள் உண்டு. முன் பக்கம் பிளாஸ்டிக் என்றால் குழிந்து உருகும்.

மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்பது பாதிதான் உண்மை. பனித் துளி அளவுக்கு எந்த நிறமும் ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சளில் நீலம் குறைவு என்பதால் கண்ணுக்குக் கூச்சம் குறைகிறது, அவ்வளவே. ஃபாக் லைட் உதவுவதற்குக் காரணம் அது தாழ்ந்தும் அகன்றும் அடிப்பதுதான்: வளைவில் சாலையின் ஓரக்கோடும் தடுப்புச் சுவரின் அடியும் தெரிகிறது. பனியில் பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான்.

சுவரில் சரிபார்த்தல்

காரைச் சாக்பீஸ் குறியில் நிறுத்தி, காருக்குள் இருக்கும், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் லெவல் திருகை பூஜ்யத்தில் வைத்து, டிம் போடுங்கள். கோடு டேப்பின் மேல் விழ வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே உயரம். தட்டையான தரை கிடைத்தால் நேரடியாகவே அளக்கலாம்: ஐந்து மீட்டரில் டிம் கோடு விளக்கின் நடுவிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டர் கீழே, ஃபாக் லைட் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே. ஒரு பக்கம் மட்டும் மேலே போனால் திருகாணியைத் தொடாதீர்கள். பல்பு சாய்ந்திருக்கிறது, திரும்பக் கழற்றி உட்கார வையுங்கள். மறுபடி போட்டும் அப்படியே இருந்தால்தான் விளக்கின் பின்னால் உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை அரை அரைச் சுற்றாகத் திருப்ப வேண்டும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்று மலை ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். லெவல் திருகை 1 அல்லது 2-க்குத் திருப்பி வெளிச்சத்தை இறக்குங்கள்.

கோடு சரி, வெளிச்சம் மட்டும் மந்தம் என்றால் விளக்கின் வெளிப் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகியிருக்கும். 1000, 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயிலைத் தடுக்கும் யுவி கோட்டிங் அடிக்க வேண்டும். கோட்டிங் இல்லாத பாலிஷ் சில மாதமே தாங்கும். டூத்பேஸ்ட் அதைவிடக் குறைவு.

கழற்றிய பல்புகளில் எரியும் ஒன்றைப் புதுப் பல்பு வந்த டப்பாவிலேயே போட்டு டேஷ்போர்டில் வையுங்கள். கூடவே ஒரு பொட்டலம் ஸ்பிரிட் பஞ்சு. மலைப் பாதியில் ஒரு டிம் போய்விட்டால் மீதி டிம்மோடு ஃபாக் லைட்டையும் போட்டு, அகலமான இடம் வரும் வரை மெதுவாகப் போய் ஒதுங்குங்கள். வளைவிலேயே நிறுத்தி பானெட்டைத் தூக்க வேண்டாம்.