சேதத்தை எழுதுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு சொல் வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் டெல்டாவில் மனு எழுதும் வேலையும் வந்துவிடும். பயிர் மூழ்கியது, சுவர் விழுந்தது, கரை போனது என்று கிராம நிர்வாக அலுவலருக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் எழுதுகிறோம். பெரும்பாலான மனுக்களில் இருப்பது ‘கடும் சேதம் ஏற்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரிதான். நேரில் பார்க்காதவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. தமிழில் ஒவ்வொரு கேட்டுக்கும் தனிச்சொல் இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் அதைத் தேடிப் பிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

படி 1: பொதுச்சொல்லைச் சரியாக வையுங்கள்

சேதம், பழுது, குறை, சிதைவு, நட்டம் எல்லாம் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. சரிசெய்ய முடிந்தால் பழுது: மோட்டார் பழுது, மதகு பழுது. செய்யும்போதே நேர்ந்தது குறை. வெளியிலிருந்து வந்த அடி சேதம். உருவமே கலைந்தால் சிதைவு. பணத்தில் கணக்கிட்டால் நட்டம். கோயில் சிலையில் விரலோ மூக்கோ உடைந்தால் ‘பின்னம்’ என்போம். விளிம்பு உடைந்த பானை மூளி, அடிபட்டு உள்வாங்கிய பித்தளைக் குடத்தில் இருப்பது ஒடுக்கு.

படி 2: பொருளுக்கு உரிய சொல்லுக்கு இறங்குங்கள்

இதுதான் முக்கியமான படி. நெல்லையே எடுத்துக்கொள்வோம். பயிர் சாய்ந்ததா, மூழ்கியதா, அழுகியதா? கதிர் பதராகப் போனதா, பால் பிடித்தும் நிரம்பாமல் கருக்காயாக நின்றதா? மணி நனைந்ததா, நிறம் மாறியதா, முளைவிட்டதா? நனைந்த நெல்லைக் காயவைத்து, ஈரப்பதத்தை 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்து கொள்முதல் நிலையத்தில் போட முடியும். முளைவிட்ட நெல்லை எவ்வளவு காயவைத்தாலும் பழைய நெல்லாகாது. இரண்டையும் ‘மழையில் வீணானது’ என்று எழுதினால் பாதிக்கப்பட்டவருக்குத்தான் கெடுதல்.

தென்னைக்கும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புகளை அழித்ததை யாரும் மறக்க மாட்டோம். மட்டை ஒடிந்த மரம் தேறிவிடும். சாய்ந்த இளமரத்தை நிமிர்த்திப் பார்க்கலாம். கொண்டை முறிந்த மரம் பிழைக்காது, தென்னைக்கு வளரும் குருத்து அது ஒன்றுதான். ஒடிதல், சாய்தல், முறிதல் மூன்றும் மூன்று விதமான இழப்பு.

வீட்டுக்கு வருவோம். மேலோடு இருந்தால் கீறல், மெல்லிய கோடாக ஓடினால் விரிசல், வாய் திறந்தால் வெடிப்பு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரிந்தால் பிளவு. பூச்சு விழுந்தால் காரை பெயர்ந்தது, ஈரம் ஏறினால் ஓதம். மரச்சட்டம் என்றால் இற்றது, உளுத்தது, கரையான் அரித்தது.

படி 3: வினையைப் பாருங்கள்

‘கரை உடைந்தது’ என்றால் தண்ணீரின் வேகம். ‘கரை அரித்தது’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. ‘கரை வெட்டப்பட்டது’ என்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். நண்டு வளையில் தொடங்கும் கசிவும் உடைப்பில் முடியலாம். அப்படியானால் கசிவு, உடைப்பு இரண்டையும் வரிசையாக எழுதுங்கள். கண்ணால் பார்க்காமல் ‘வெட்டப்பட்டது’ என்று எழுதக் கூடாது, அது பக்கத்து வயல்காரர் மேல் பழி போடுவதாகிவிடும்.

படி 4: அளவு சேருங்கள்

‘மிகவும்’, ‘முற்றிலும்’, ‘பயங்கரமாக’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் எத்தனை மா (நம் பக்கத்து நில அளவு), எத்தனை நாள், எத்தனை அடி என்று எழுதுங்கள். பேரிடர் நிவாரணத்தில் பயிருக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் இழப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் பகுதிச் சேதம், முழுச் சேதம் என்று பிரிக்கிறார்கள். ஆகவே அளவில்லாத சொல் அங்கே பயன்படாது.

படி 5: எழுதிப் பாருங்கள்

முதலில் மனதில் வருவது: ‘மழையால் என் பயிர் மிகவும் சேதமடைந்தது.’

நான்கு படியும் தாண்டிய பிறகு: ‘அறுவடைக்கு நின்ற 6 மா சம்பா காற்றில் சாய்ந்து, 4 நாள் தண்ணீரில் கிடந்தது. அடிக்கதிர்கள் முளைவிட்டன. மேல்கதிர்களில் நெல் நிறம் மாறியது. தெற்கு வரப்பு 10 அடி உடைந்திருக்கிறது.’

இப்படி எழுதினால் பார்வையிட வருபவர் வயலில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்.

எல்லாச் சொல்லும் கூடிவரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பயிர்க் காப்பீட்டில் வயல் அளவில் நேர்ந்த பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முதலில் தகவலைச் சொல்லி, படம் எடுத்து வையுங்கள். அப்புறம் சாயங்காலம் உட்கார்ந்து மனுவைச் செம்மையாக எழுதலாம்.