சீரிஸைப் பாதியில் நிறுத்திவிட்டார்களா? பார்வையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டு எபிசோட் கொண்ட ஒரு சீரிஸில் கடைசி இரண்டை வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தேன். சாப்பாட்டில் ரொம்பப் பிடித்ததைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்போமே, அந்த ஆசைதான். ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற அமர உட்கார்ந்து பார்த்தேன். நாயகி கதவைத் திறக்கிறாள், உள்ளே நிற்பவரைப் பார்த்ததும் முகம் வெளிறுகிறது, திரை இருண்டுவிடுகிறது. அடுத்த சீசன் எப்போது என்று தேடினால், போன வாரமே ரத்து செய்துவிட்டார்களாம். உள்ளே நின்றது யார் என்று எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

வந்த கோபத்தில் நண்பர்களிடம் வாய்க்கு வந்ததைப் பேசினேன். பேசியதில் பாதிக்கு மேல் தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. "நன்றாகத்தானே இருந்தது, இத்தனை பேர் பார்த்தார்களே, எப்படி நிறுத்தலாம்?" என்று கேட்பது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது பாதிக் கணக்கு. எவ்வளவு செலவானது என்பது மீதி. நெட்ஃப்ளிக்ஸின் இணைத் தலைமைச் செயலதிகாரி டெட் சரண்டோஸ் 2023 ஜனவரியில் கொடுத்த ஒரு பேட்டியில், வெற்றி பெற்ற எந்தத் தொடரையும் நாங்கள் நிறுத்தியதில்லை என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். சிறிய கூட்டத்துக்குச் சிறிய செலவில் எடுக்க வேண்டும், பெரிய செலவு செய்தால் பெரிய கூட்டம் வர வேண்டும் என்பது அவர் வாதம். 'மைண்ட்ஹன்டர்' விமர்சகர்கள் கொண்டாடிய தொடர். இரண்டு சீசனோடு நின்றது. செலவுக்கு ஏற்ற கூட்டம் வரவில்லை என்று அதன் இயக்குநர்களில் ஒருவரான டேவிட் ஃபின்ச்சரே பிறகு ஒப்புக்கொண்டார்.

பழைய டிவி காலத்தை வைத்து இதை அளப்பதால்தான் குழப்பம். அமெரிக்க சேனல்களில் ஒரு தொடர் சுமார் 100 எபிசோடைத் தொட்டுவிட்டால் மறுஒளிபரப்பு உரிமையை ஊர் ஊராக விற்றுக் காசு பார்க்கலாம். அதனால் மூன்றாவது, நான்காவது சீசனில் கொஞ்சம் தொய்ந்தாலும் இழுத்துப் பிடித்து ஓட்டுவதில் ஒரு லாபம் இருந்தது. ஸ்ட்ரீமிங் தளம் தனக்காக எடுக்கும் தொடர் பெரும்பாலும் அந்தத் தளத்திலேயே கிடக்கும். இரண்டாவது விற்பனை என்பது அபூர்வம். சீசன் ஏற ஏறச் சம்பளமும் ஏறும். மூன்றாவது சீசனைப் பார்ப்பதற்கென்று புதிதாகச் சந்தா கட்டி வருபவர் குறைவு. புது சீரிஸ் ஒன்றை இறக்கினால் புது ஆள் வரலாம். மனசுக்கு ஒப்பாவிட்டாலும் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

சரி, அந்தக் கணக்கில் நாம் எங்கே வருகிறோம்? 2019ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் ஒரு குழுவுக்கு எழுதிய கடிதத்தில் நெட்ஃப்ளிக்ஸ் தன் அளவுகோல்களை வெளியே சொன்னது. இரண்டு நிமிடம் பார்த்த வீடு 'தொடங்கிய' வீடு. ஒரு எபிசோடில் 70 சதவீதம் பார்த்தால் 'பார்த்த' வீடு. சீசனில் 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் 'முடித்த' வீடு. இந்த எண்களை முதல் 7 நாளிலும் 28 நாளிலும் எடுத்துத் தயாரிப்பாளர்களிடம் காட்டுவதாகவும் அப்போது சொன்னார்கள். இந்த அளவுகோலில் என்னை நிறுத்திப் பார்த்தேன். எட்டில் ஆறு என்றால் 75 சதவீதம். மீதியைப் பார்த்தது 42வது நாள். ஆக, அந்த சீரிஸைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நான், கணக்குப்படி பாதியில் எழுந்து போனவன்!

இதிலிருந்து கிளைப்பது அடுத்த தப்பு: "முழுசா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருப்பது. நாலு தொடரில் சூடு பட்டவர் ஐந்தாவதைத் தொடத் தயங்குவது இயல்பு. ஆனால் எல்லோரும் இப்படிக் காத்திருந்தால் முதல் மாத எண் படுத்துவிடும், தொடரும் நின்றுவிடும். "பார், நான் அப்பவே சொன்னேன்" என்று காத்திருந்தவர் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பழியைப் பார்வையாளர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாதிக் கதையோடு ஆளைத் தெருவில் விட்டுவிட்டு, நம்பிக்கை ஏன் இல்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' மூன்றாவது சீசன் 2019 ஜூலையில் வந்தது, நான்காவது 2022 மே மாதம்தான். அவ்வளவு இடைவெளி விட்டால் முன்கதையே மறந்துவிடுகிறது. இருந்தாலும், ஒரு தொடர் பிழைக்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினால் முதல் நான்கு வாரத்துக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு காட்டும் அன்பு ரொம்பத் தாமதம்.

அதற்காக ஆளில்லாத அறையில் டிவியை ராத்திரி முழுக்க ஓடவிடவும் வேண்டாம். சிலர் இதைச் சேவை மாதிரி செய்கிறார்கள். 'முடித்த வீடு' கணக்கில் பத்து முறை ஓட்டினாலும் ஒரு வீடுதான்.

டாப் 10 பட்டியலைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவதும் இதே ரகம். '1899' தொடர் 2022 நவம்பர் 17 அன்று வெளியாகிப் பல நாடுகளில் பட்டியலில் இருந்தது. மூன்று சீசனுக்குக் கதை யோசித்துவைத்திருந்தார்கள். 2023 பிறந்த இரண்டாம் நாளே ரத்து அறிவிப்பு வந்துவிட்டது. எந்தத் தொடர் அதிகம் ஓடியது என்பது பட்டியலில் தெரியும். எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள் என்பது தெரியாது. 'அடுத்த சீசன் உறுதி' என்ற அறிவிப்பும் கல்லில் எழுதியதல்ல. 'க்ளோ' நான்காவது சீசனோடு முடியும் என்று அறிவித்து, படப்பிடிப்பும் தொடங்கியபின், கொரோனாவைக் காரணம் காட்டி 2020 அக்டோபரில் கைவிட்டார்கள்.

இனி, ரத்தான பிறகு செய்யும் தப்புகள். "வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும்" என்று எல்லாத் தொடருக்கும் கோரிக்கை வைப்பது அதில் ஒன்று. 2018 மே மாதம் ஃபாக்ஸ் கைவிட்ட 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரை மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டது. அதே மாதம் ரத்தான 'லூசிஃபர்' நெட்ஃப்ளிக்ஸுக்கும் 'தி எக்ஸ்பான்ஸ்' அமேசானுக்கும் போயின. இந்த மூன்றிலும் ஒளிபரப்பியவர் வேறு, தயாரித்த நிறுவனம் வேறு. வீட்டுக்காரர் துரத்தினாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடிந்தது. தளமே சொந்தமாகத் தயாரித்த தொடர் எங்கே கிளம்பும்? வெளியார் தயாரித்தாலும் ஒப்பந்தம் காலைக் கட்டும். 2019ல் நெட்ஃப்ளிக்ஸ் நிறுத்திய 'ஒன் டே அட் எ டைம்' சோனியின் தயாரிப்பு. வேறு ஸ்ட்ரீமிங் தளத்துக்குப் போக ஒப்பந்தத்தில் தடை இருந்ததால் பாப் டிவி என்ற கேபிள் சேனலில் போய்த் தஞ்சம் புகுந்தது. ஆகவே குரல் கொடுக்கும் முன் எபிசோட் முடிவில் ஓடும் தயாரிப்பு நிறுவனங்களின் பெயரை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.

போராட்டமே வீண் என்று சொல்லவில்லை. 'ஸ்டார் டிரெக்' முதல் தொடருக்கு மூன்றாவது சீசன் கிடைக்க 1960களில் ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களும் ஒரு காரணம் என்பார்கள். 2007ல் 'ஜெரிக்கோ' ரசிகர்கள் கதையில் வந்த 'நட்ஸ்' என்ற ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு சுமார் 20 டன் கடலையைச் சிபிஎஸ் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஏழு எபிசோட் கிடைத்தது. 'சென்ஸ்8' 2017 ஜூனில் ரத்தானது, கூச்சல் தாங்காமல் அடுத்த ஜூனில் இரண்டரை மணி நேர முடிவு ஒன்றைக் கொடுத்தார்கள். கடைசி இரண்டிலும் கிடைத்தது கதையை முடிக்கப் போதுமான அளவுதான். 'தி ஓஏ' ரசிகர்கள் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகையே வைத்தார்கள். ஐந்து சீசனாக யோசித்த கதை இரண்டோடு நின்றது நின்றதுதான். என் கணிப்பு, "இன்னும் மூன்று சீசன் கொடு" என்பதைவிட "ஒரு முடிவு கொடு" என்று கேட்டால் காதில் விழ வாய்ப்பு அதிகம். அதையும் உடனே கேட்க வேண்டும். செட்டைப் பிரித்து, நடிகர்களின் ஒப்பந்தமும் முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

நடிகர்களையும் எழுத்தாளர்களையும் திட்டுவது இருப்பதிலேயே அசிங்கமான தப்பு. அவர்கள் வேலையை இழந்தவர்கள்.

கடைசியாக, "ரத்தானால் என்ன, இருக்கிறதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற நினைப்பு. 'வில்லோ' தொடர் 2022 நவம்பர் இறுதியில் டிஸ்னி பிளஸில் வந்தது, 2023 மே மாதம் தளத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். 'வெஸ்ட்வேர்ல்ட்' எச்பிஓவின் பெருமைக்குரிய தொடராக இருந்தும் எச்பிஓ மேக்ஸிலிருந்து இறங்கியது. டிஸ்க் வெளியாகியிருந்தால் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். மூல நாவல் இருக்கிறதா என்றும் பாருங்கள்; 'தி எக்ஸ்பான்ஸ்' ஆறு சீசனோடு முடிந்தது, நாவல்கள் ஒன்பது வரை போகின்றன. நான் பார்த்த சீரிஸுக்கு நாவல் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.