"அவர் யாருன்னு எனக்கு யார் சொன்னா?": விழாப் படங்களில் நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா ஒன்று முடிந்து 900-க்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. சங்கத்தைத் தொடங்கியவர்களில் இன்று நம்மோடு இருப்பவர் ஒரே ஒருவர். சக்கர நாற்காலியில் வந்து, மூன்றாவது வரிசை ஓரத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அத்தனை படங்களில் அவர் இருந்தது ஒன்றே ஒன்றில். அதிலும் பாதி முகத்தை முன்னால் இருந்தவர் தூக்கிப் பிடித்த கைப்பேசி மறைத்திருந்தது. புகைப்படக்காரரை அழைத்துச் சற்றுக் காரமாகவே பேசினேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "அண்ணே, அவர் யாருன்னு எனக்கு யார் சொன்னா?"

பதில் இல்லை. அன்று முன்வரிசையில் பட்டுச் சேலையில் இருந்த யாரோ ஒருவருக்கு 14 படம் இருந்தது. பளிச்சென்று இருந்தார், எடுத்துவிட்டார். புகைப்படக்காரர் மேல் என்ன குற்றம்?

அதன் பிறகு புத்தக வெளியீடு, பட்டிமன்றம், வீட்டுத் திருமணம் என்று பலவற்றுக்குப் படம் எடுக்க ஆள் ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் பார்த்தவரை, படங்கள் சொதப்புவது பெரும்பாலும் புகைப்படக்காரர் பையிலிருந்து கேமராவை எடுப்பதற்கு முன்பே. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதுதான் காரணம்.

முகம் தெரிந்த ஆள்

பெயர்ப் பட்டியல் கொடுத்தால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. "தாய்மாமா முத்தையா" என்று தாளில் எழுதிக் கொடுத்தால், வேட்டி கட்டிய 40 பேரில் புகைப்படக்காரர் எந்த முத்தையாவைத் தேடுவார்? கண்டிப்பாகப் படத்தில் இருக்க வேண்டிய பத்துப் பேரின் முகங்களை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய படமானாலும் பரவாயில்லை. விழா அன்று அவர் பக்கத்தில் நிற்க ஓர் ஆளைப் போடுங்கள். திருமணமென்றால் பெண் வீட்டிலிருந்து ஒருவர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர். அந்த வேலையைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுக்காதீர்கள், அவருக்கு அன்று தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய, கொஞ்சம் வாய் உள்ள அத்தை மகள் ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் இருப்பாள். அவள்தான் சரி.

குழுப் படங்களுக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆளைக் கூப்பிட்டு, நிறுத்தி, குழந்தையை முன்னால் இழுத்து, கண் மூடியவருக்காக இன்னொரு தடவை எடுக்க மூன்று நிமிடமாவது ஆகும். 12 குழு என்றால் 36 நிமிடம். பந்தி தொடங்கியபின் மைக்கில் "மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் மேடைக்கு வாங்க" என்று எத்தனை முறை கத்தினாலும் பாதிப் பேர் இலை முன்னால்தான் இருப்பார்கள். அதனால் வரிசையை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நிற்க முடியாத பெரியவர்கள் முதலில், கைக்குழந்தைக்காரர்கள் அடுத்து. நண்பர்கள் கடைசியில், அவர்கள் எப்படியும் ஐஸ்கிரீம் தீரும்வரை இருப்பார்கள்.

ஐந்து வினாடிச் சடங்கு

பார்வையாளருக்கு அச்சடித்த நிகழ்ச்சி நிரலையே புகைப்படக்காரரிடம் நீட்டுவது அடுத்த தவறு. அதில் "8.00 - சிறப்பு விருந்தினர் உரை" என்றிருக்கும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு அன்று மாலை இன்னும் இரண்டு நிகழ்ச்சி இருக்கலாம். 7.15-க்கு வந்து, 7.45-க்கு அவர் காரில் ஏறும்போது நம் ஆள் பின்னால் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஏற்பாட்டுக் குழுவுக்குள் புழங்கும் நிரலை, யார் எந்தப் பக்கத்திலிருந்து மேடையேறுவார் என்பது உட்பட, அவருக்கும் கொடுங்கள். மாற்றம் வந்தால் அவருக்கு யார் தகவல் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள்.

பொன்னாடை போர்த்துவதைக் கவனித்துப் பாருங்கள். போர்த்துபவர் சபைக்கு முதுகு காட்டுகிறார். வாங்கிக்கொள்பவர் குனிகிறார். துணி விரியும்போது இருவர் முகமும் மறைகிறது. ஐந்து வினாடியில் எல்லாம் முடிந்து, நெறியாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார். மிஞ்சுவது ஒரு முதுகும் சரிகைக் கரையும். தப்பிக்க ஒரே வழி, போர்த்தியதும் இருவரும் சபையைப் பார்த்துத் திரும்பி நிற்கும்வரை அடுத்த பெயரை அழைக்க வேண்டாம் என்று நெறியாளரிடம் முன்பே சொல்லி வைப்பதுதான். புத்தக வெளியீட்டிலும் இதே கதை. ஆர்வத்தில் நூலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். எழுத்தாளரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அட்டைப்படம் இருக்கும். நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

பேனர் ஏற்பாட்டாளர்களே இழைக்கும் தவறு. விழாவின் பெயரை நடுவில் பெரிதாக எழுதி, நிற்பவர்களின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுவார்கள். எட்டுப் பேர் வரிசையாக நின்றதும் "தமிழ்" மட்டும் ஒரு காதுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். முக்கியமான எழுத்தெல்லாம் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். மேசையில் இருக்கும் தண்ணீர்ப் பாட்டில்களையும் மெல்லிழைத்தாள் பெட்டியையும் கீழே வைத்துவிடுங்கள். பேச்சாளரை நேர் எதிரே நின்று எடுத்தால் ஒலிவாங்கி வாயை மூடிவிடும். ஆகவே மேடையின் ஒரு பக்கத்தில் புகைப்படக்காரர் நடமாட இடம் விடுங்கள், அங்கே பூச்சாடியை வைக்காதீர்கள்.

தாலி கட்டும் நேரத்துக்கு இதைவிட அதிகத் திட்டம் வேண்டும். கெட்டிமேளம் கொட்டியதும் கூட்டம் எழுந்து நிற்கிறது, அட்சதை பறக்கிறது, 30 கைப்பேசிகள் உயர்கின்றன, வீடியோக்காரர் விளக்கோடு உள்ளே நுழைகிறார். வீடியோ எந்தப் பக்கம், படம் எந்தப் பக்கம் என்று முதல் நாளே இருவரையும் பேசவிடுங்கள். எதிர்ப்பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒரு சித்தப்பாவை நிறுத்துங்கள். ஐயரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர் சற்று விலகி உட்கார்ந்துகொள்வார். இதையெல்லாம் செய்யாத ஒரு திருமணத்தில் "சார், இன்னொரு தடவை கட்டுற மாதிரி வைங்க" என்ற குரலை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அடுத்த படத்தில் மணமகனின் பாட்டி முறைத்த முறைப்பு இருக்கிறதே, அந்த ஆல்பத்தில் உயிரோடு இருக்கும் ஒரே படம் அதுதான்.

புகைப்படக்காரரிடம் மணிக்கணக்கில் கூலி பேசும்போதும் கவனம் வேண்டும். காலை 6 மணி முகூர்த்தத்துக்கு அலங்காரம் விடியற்காலை 3 மணிக்கே தொடங்கிவிடும். "ஆறு மணி நேரம்" என்று பேசி, அவர் 3.30-க்கு வந்துவிட்டால் 9.30-க்குக் கணக்கு முடிந்தது. மேற்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் எத்தனை வெள்ளி என்பதை அன்று மண்டப வாசலில் நின்று பேச வேண்டியிருக்கும்.

வெயில், ஊதா விளக்கு, வெளுத்த முகம்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை ஏறக்குறைய 7 மணிக்குத்தான் மறைகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மறைந்ததும் விறுவிறுவென்று இருட்டிவிடும். "ஏழு மணிக்கு மரினா பே போய் எடுத்துக்கலாம்" என்று கிளம்பினால் கார் நிறுத்துவதற்குள் வெளிச்சம் போய்விடும். 6.15-க்கு அங்கே நிற்க வேண்டும். நண்பகல் வெயில் உச்சந்தலையில் விழுந்து கண்ணுக்குக் கீழே கருங்குழி போடும், அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து திடீரென்று வெளியே வந்தால் லென்ஸ் மூக்குக்கண்ணாடி போலப் பனித்துவிடும். அது தெளிய நேரமாகும், அதையும் கணக்கில் சேருங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் மழைக்கு ஒதுங்கக் கூரையுள்ள மாற்று இடம் ஒன்று கையில் இருக்கட்டும்.

மண்டபத்தைப் பார்க்காமலே வருகிறேன் என்பவரைக் கொஞ்சம் வற்புறுத்தி, நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் ஒரு முறை அழைத்துப் போங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுழற்சி; ஒரு சுழற்சிக்கு இரண்டு துடிப்பு என்பதால் பழைய குழல்விளக்குகளும் சில எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100 வினாடியில் எடுத்தால் பெரும்பாலும் தப்பலாம். விவரம் தெரிந்தவர் பத்து நிமிடச் சோதனையில் கண்டுபிடித்துவிடுவார். மேடை ஊதா, நீல விளக்குகளும் வம்புதான். நம் மாநிறம் அதில் கத்தரிக்காய் நிறமாகிவிடும். முக்கியமான நேரத்தில் மட்டும் வெள்ளை விளக்கு போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்: "முகத்தை வெளுக்க வேண்டாம்." சொல்லாவிட்டால் சிலர் மெருகேற்றுகிறேன் என்று ஆரம்பித்து, கருத்த அழகான பெண்ணைச் சுண்ணாம்பு பூசியது போல ஆக்கித் தருகிறார்கள். எனக்கு இதில் கோபம் அதிகம்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூமலைத் தாவரவியல் தோட்டத்திலோ கரையோரப் பூந்தோட்டங்களிலோ எடுப்பதாக இருந்தால் அனுமதி வேண்டுமா என்று அவர்களிடமே முன்கூட்டிக் கேளுங்கள். கோயிலோடு சேர்ந்த மண்டபமானால், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் பி.ஜி.பி. மண்டபம் போல, சன்னிதிப் பக்கம் எதுவரை எடுக்கலாம் என்று கோயில் அலுவலகத்தில் கேட்பது மரியாதை. டிரோன் ஆசை இருந்தால், 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்தாக வேண்டும், விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். இந்தச் சின்னத் தீவில் அந்த வட்டங்களுக்கு வெளியே அதிக இடமில்லை. சென்னையிலிருந்து தெரிந்தவரை வரவழைப்பவர்கள், சுற்றுப்பயணியாக வந்து இந்த வேலையைச் செய்யலாமா என்று மனிதவள அமைச்சிடம் கேட்டுவிட்டு விமானச்சீட்டு எடுங்கள்.

காசு கொடுத்தோம், படம் யாருடையது?

நம்மில் பலர் இன்னும் பழைய சட்டத்திலேயே இருக்கிறோம். முன்பு காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் பதிப்புரிமை. புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தபின், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அது படம் எடுத்தவருக்கே. ஆண்டு மலரில் போடுவது, நன்கொடையாளர் தங்கள் விளம்பரத்துக்குக் கேட்பது, அடுத்த ஆண்டுச் சுவரொட்டி என்று எங்கெல்லாம் பயன்படுத்துவீர்களோ அதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பொதுவில் பயன்படுத்தும்போது எடுத்தவர் பெயரையும் போட வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்ணின் படம் புகைப்படக்காரரின் இன்ஸ்டாகிராமில் வர வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு வரி வேண்டும். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது.

சங்க நிகழ்ச்சியென்றால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் கூடவே வரும். அடையாளம் தெரியும் முகம் தனிநபர் தகவல்தான். படம் எடுக்கப்படும், இன்னின்ன இடத்தில் வெளியிடப்படும் என்று நுழைவாயிலில் அறிவிப்பு வையுங்கள், அழைப்பிதழிலும் ஒரு வரி போடுங்கள். மேடையேறும் பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது. வீட்டு விசேஷத்தில் நாமே நமக்காக எடுத்துக்கொள்வதற்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது.

நேரில் பேசியவரேதான் வருவாரா, அவருடைய உதவியாளர் வருவாரா என்று கேட்டு ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதுங்கள். நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். பார்த்து வியந்த படங்களெல்லாம் ஒருவருடையவை, வந்து நின்றவர் வேறொருவர். எத்தனை படம், எத்தனை வாரத்தில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எடுக்கும்போதே இரண்டு நினைவக அட்டைகளில் பதிவாகும் கேமராவா என்று கேளுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். ஒற்றை அட்டைக்காரர் எவ்வளவு திறமைசாலியானாலும் திருமணத்துக்கு நான் கூப்பிட மாட்டேன்.

ஆல்பம் தாமதமானால் எல்லாரும் புகைப்படக்காரரைத்தான் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஆல்பத்துக்கான 120 படங்களைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் ஆனது. என் அக்காவுக்குப் பிடித்த எதுவும் சம்பந்திக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் புகைப்படக்காரர் அனுப்பியிருந்த பதிவிறக்க இணைப்பு காலாவதியாகிவிட்டது. நல்லவேளை, அவர் தன் வன்தட்டில் வைத்திருந்தார். இணைப்பு வந்த அன்றே முழுவதையும் இறக்கி, ஒரு வன்தட்டை வீட்டிலும் இன்னொன்றைத் தம்பி வீட்டிலும் வையுங்கள்.