வேலூர் வெயிலுக்கு ஏற்ற இனிப்பு உப்பு சாக்லேட் மிட்டாய்: ஓவன் வேண்டாம், பாகும் வேண்டாம்

ஆற்காடு மக்கன் பேடா வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டு, பாகு பதத்தை நினைத்துப் பின்வாங்கியவர்கள் நம் பக்கம் நிறைய. இந்த மிட்டாய்க்கு அந்தப் பயமே வேண்டாம். சாக்லேட்டை உருக்கி, உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலையும் நொறுக்கிய சால்ட் பிஸ்கட்டும் கலந்து, கரண்டியால் அள்ளி வைத்து ஆறவிட்டால் வேலை முடிந்தது. மேலே நாலு உப்புக்கல் தூவுவோம். முதலில் உப்பு, உடனே இனிப்பு, கடித்தால் கடலை. இதைச் சாப்பிட்டவர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை.

இவ்வளவு எளிதான பண்டத்தைக் கெடுக்கக்கூடியவை இரண்டுதான்: சூடு, ஈரம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இருந்துகொண்டு சாக்லேட்டைத் தொடுகிறோம் என்பதால், இந்த இரண்டையும் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எந்த சாக்லேட்

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று கோகோ வெண்ணெய் சேர்ந்த அசல் சாக்லேட். இன்னொன்று காம்பவுண்ட் சாக்லேட். இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பும் கோகோ பவுடரும் இருக்கும். பாக்கெட்டின் பின்னால் உள்ள பொருள் பட்டியலைப் படித்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

ருசியில் அசல் சாக்லேட்தான் உசத்தி, சந்தேகமே இல்லை. ஆனால் அதை உருக்கி அப்படியே ஆறவிட்டால் பளபளப்புப் போய்விடும், மேலே வெள்ளைத் திட்டு பூக்கும், விரல் பட்டாலே ஒட்டும். கோகோ வெண்ணெய் பல விதமான படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டிய விதத்தில் உறைய வைக்க, டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, 28 டிகிரிக்குக் கீழிறக்கி, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவர வேண்டும். இதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். மே மாதத்தில் நம் சமையலறையே 36 டிகிரி இருக்கும்போது, ஏசி இல்லாமல் சாக்லேட்டை 28-க்கு எப்படி இறக்குவது? ஆகவே ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை காம்பவுண்ட்தான். அதற்கு டெம்பரிங் தேவையில்லை, உருக்கி ஆறவிட்டாலே பளபளவென்று உறையும். கை பழகிய பிறகு மார்கழிக் குளிரில் ஒரு காலை நேரம் அசல் சாக்லேட்டில் செய்து பாருங்கள்.

கேக் சாமான் விற்கும் கடைகளில் காம்பவுண்ட் பெரும்பாலும் 400 அல்லது 500 கிராம் கட்டியாகக் கிடைக்கும். வாங்கும்போது கட்டியை அழுத்திப் பாருங்கள். வளைந்தோ உருக்குலைந்தோ இருந்தால் கடையிலேயே ஒரு தடவை உருகி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், அதை விட்டுவிடுங்கள். வாங்கியதை மதிய வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். காலையில் வாங்கி நேரே வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

தேவையானவை (சுமார் 30 மிட்டாய்க்கு)

- டார்க் காம்பவுண்ட் 250 கிராம்
- மில்க் காம்பவுண்ட் 150 கிராம்
- பச்சை வேர்க்கடலை 150 கிராம்
- சால்ட் பிஸ்கட் 75 கிராம்
- தூள் உப்பு அரை டீஸ்பூன், கடலைக்கு
- கல்லுப்பு கால் டீஸ்பூன், மேலே தூவ
- பட்டர் பேப்பர். இல்லையென்றால் துளி எண்ணெய் தடவித் துடைத்த ஸ்டீல் தட்டு

டார்க் மட்டும் போட்டால் குழந்தைகளுக்குக் கசக்கும், மில்க் மட்டும் போட்டால் திகட்டும். அதனால்தான் இந்தக் கலவை.

கடலையை வறுப்பது

மல்லாட்டைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. கொல்லையில் விளைந்த கடலை வீட்டில் இருந்தால் இதைவிட நல்லது வேறில்லை. கடையில் வாங்கினால் ஒன்றிரண்டை மென்று பார்த்து வாங்குங்கள். காறல் வாடை லேசாக இருந்தாலும் சாக்லேட் அதை மறைக்காது.

அடி கனமான வாணலியில், சின்னத் தீயில், 10 முதல் 12 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும். தோல் வெடித்து, ஒரு கடலையைப் பிளந்தால் நடுவில் இளம்பொன் நிறம் தெரிய வேண்டும். ஆறியதும் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உப்பு. தூள் உப்பை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, கடலையை மறுபடி சூடான வாணலியில் போட்டு, அதன்மேல் தெளித்துக் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் வற்றி, கடலை மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். வெறும் உப்பைத் தூவினால் ஒட்டாது, பாத்திரத்தின் அடியில்தான் போய்ச் சேரும். ஈரம் முழுக்கப் போகும் வரை வறுத்து, அகலமான தட்டில் கொட்டி நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய கடலை கையில் சலசலவென்று சத்தம் போட வேண்டும்.

தள்ளுவண்டியில் மணலில் வறுத்த கடலையும் போடலாம். சல்லடையில் சலித்து, துணியில் துடைத்துவிட்டுப் போடுங்கள். சாக்லேட்டுக்குள் ஒரு மணல் பல்லில் பட்டாலும் போச்சு.

சால்ட் பிஸ்கட்டைக் கையாலேயே நக அளவுத் துண்டுகளாக உடையுங்கள். தூளாக்கக் கூடாது. நமுத்திருந்தால் காய்ந்த தோசைக்கல்லில் சின்னத் தீயில் இரண்டு நிமிடம் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பிவிடும். ஐப்பசி மழையில் தீபாவளிக்குச் செய்கிறவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

சாக்லேட் உருக்குவது

அவசரம் கூடாத இடம் இதுதான்.

சாக்லேட் கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன்மேல், வாய் பொருந்துகிற மாதிரி ஒரு காய்ந்த கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. துண்டுகளைப் போட்டு இரண்டு நிமிடம் சும்மா விட்டுவிட்டு, பிறகு மெதுவாகக் கிளறுங்கள். அந்த ஆவியின் சூடே போதும். தீ எரிந்துகொண்டே இருந்தால் சாக்லேட் கெட்டியாகித் திரிதிரியாகும், கருகல் வாடையும் வரும். ஒரு சொட்டை மணிக்கட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

கிளறுகிற கரண்டி எலும்பு மாதிரி காய்ந்திருக்கட்டும். மரக்கரண்டி கழுவிய ஈரத்தை உள்ளே வைத்திருக்கும் என்பதால் ஸ்டீலோ சிலிகானோ நல்லது. இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரையும் கோகோ துகளும்தான். அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், ஈரம் பட்ட சர்க்கரையும் கோகோவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் களி போல் திரண்டுவிடும். எவ்வளவு கிளறினாலும் பழைய நிலைக்கு வராது. அப்படி ஆகிவிட்டால் கொட்ட வேண்டாம். சூடான பால் ஊற்றிக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிடுங்கள், அதற்கு அருமையாக இருக்கும்.

கலவை கெட்டியாகத் தெரிந்தால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடலாம். பாலோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம். கிண்ணத்தை இறக்கியதும் அதன் அடியைத் துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே தங்கிய நீர்தான் கடைசியில் தட்டில் சொட்டும்.

மைக்ரோவேவ் இருக்கிறவர்கள் பாதி பவரில் 30 வினாடி, ஒரு கிளறல், மறுபடி 30 வினாடி என்று போகலாம்.

கலந்து, வைத்து, உப்புத் தூவி

உருகிய சாக்லேட்டை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முதலில் கடலையைப் போட்டுப் புரட்டுங்கள். பிஸ்கட் கடைசியில்தான், அதுவும் நாலைந்து புரட்டலோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் எடுத்து, ஒன்றால் அள்ளி, இன்னொன்றால் தள்ளி, பெரிய நெல்லிக்காய் அளவுக் குவியல்களாகப் பட்டர் பேப்பரில் வையுங்கள். உருவம் கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை, அதுதான் அழகு.

தூவுவதற்கான கல்லுப்பை முன்கூட்டியே வெறும் வாணலியில் வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்து வைத்திருங்கள். கல்லுப்பில் எப்போதும் ஈரம் இருக்கும், வறுத்தால்தான் உதிரியாகும். ஆறேழு மிட்டாய் வைத்ததும் உடனே தூவிவிட வேண்டும். மேற்பரப்பு உறைந்துவிட்டால் உப்பு ஒட்டாது.

உப்பைச் சாக்லேட்டிலேயே கலந்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் மொத்தமும் ஒரே மாதிரி லேசான உப்பாகிப் போகும். மேலே தனியாக நிற்கும் கல்தான் நாக்கில் முதலில் கரைகிறது. கோகோவின் கசப்பை உப்பு அடக்குவதால் பின்னால் வரும் இனிப்பும் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் ஒரு மிட்டாய்க்கு மூன்று நாலு துணுக்குக்கு மேல் போனால் கரிக்கும்.

உறைய வைப்பதும் எடுத்து வைப்பதும்

குளிர்காலத்தில் வெளியிலேயே அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். மற்ற மாதங்களில் பிரிட்ஜில் 10 முதல் 15 நிமிடம். ப்ரீசர் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். சாக்லேட் வாடையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் என்பதால், மீன் குழம்பு இருக்கிற தட்டுக்குப் பக்கத்தில் திறந்தபடி வைக்காதீர்கள்.

உறைந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். பரிமாறும்போது மூடியைத் திறக்காமல் டப்பாவையே கால் மணி நேரம் வெளியே வைத்து, அப்புறம் திறங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த மிட்டாய் மேல் காற்றின் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பாகிவிடும்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ கொடுத்து அனுப்புவதாக இருந்தால் விடிகாலைப் பஸ்ஸில், அல்லது இரவு ரயிலில். பகல் பஸ் என்றால் உருகாமல் போய்ச் சேரும் என்று உறுதி கொடுக்க முடியாது.

நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும். அவர்களுக்குக் கடலையைப் பொடித்துத் தனியாக நாலு மிட்டாய் செய்துவிடுங்கள். பிறருக்குக் கொடுக்கும்போது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வேறு என்ன போடலாம்

பிஸ்கட்டுக்குப் பதில் பொரி போட்டால் லேசாக, கரகரவென்று வரும். உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸும் நன்றாகவே சேரும். பூண்டு, பெருங்காயம் போட்ட மிக்சர் மட்டும் சேராது. எனக்கு மிகவும் பிடித்தது பேரீச்சை. கொட்டையை நீக்கி, உள்ளே இரண்டு உப்புக்கடலை வைத்து மூடி, முள்கரண்டியில் எடுத்து உருகிய சாக்லேட்டில் முக்கி, மேலே அதே இடித்த கல்லுப்பைத் தூவுங்கள். பேரீச்சையே இனிப்பு என்பதால், இதற்கு டார்க் காம்பவுண்ட் மட்டும் போதும்.