பழைய ஆங்கில வணிகக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுவது எப்படி?

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. அதில் இரண்டு பேர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். இன்னொருவன் டேவிட் யேல், சிறு பையன். இருவருக்கும் ரத்த உறவு கிடையாது. ஹின்மர்ஸ் 1680-ல் இறந்தார். அவருடைய மனைவி கேத்தரின் அதே ஆண்டு நவம்பரில், பின்னாளில் சென்னைக் கோட்டையின் ஆளுநரான எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். டேவிட் அந்த இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளை. நடுவில் கேத்தரினை வைத்துப் பார்த்தால்தான் கல்லறை புரியும்.

வம்சாவளி தேட வருகிற பலரும் அப்பா, தாத்தா என்று ஒரே குடும்பப் பெயரைப் பிடித்து ஏறப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்துப் பல மாதம் வீணாக்கினேன். வணிகர் செத்தால் முதலும் தொடர்புகளும் பல நேரம் மனைவியோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதனால் மறுமணம் செய்த பெண்களைத் தேடுங்கள்.

படி 1: உயில்

பிறப்பில் அல்ல, சாவில் தொடங்குங்கள். வசதியான வணிகர்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவாயின. இங்கிலாந்தில் சொத்து வைத்துவிட்டு வெளிநாட்டில் இறந்தவர்களின் உயில்களும் அங்கேதான் வந்தன. 1384 முதல் 1858 வரையிலான அந்தப் பதிவுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள அரசு ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்க்கைவ்ஸில் 'புரோப் 11' என்ற வரிசையில் உள்ளன. இணையத்திலேயே பெயர், ஆண்டு கொடுத்துத் தேடலாம்.

உயில் கையில் கிடைத்ததும் ஒரு தாளில் அதில் வரும் அத்தனை பெயரையும் எழுதுங்கள். வேலைக்காரி, சாட்சி, கடன்காரர் யாரையும் விடாதீர்கள். உறவுச் சொற்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'சன்-இன்-லா' என்றால் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். நம் ஊரில் ஒருவர் "அண்ணன்" என்றால் கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா, தெருக்காரரா என்று கேட்டுக்கொள்வோம் அல்லவா, அதே ஜாக்கிரதை இங்கேயும் வேண்டும்.

படி 2: வணிகர் சங்கப் பதிவு

அந்தக் காலத்தில் லண்டனில் கடை வைக்க லிவரி கம்பெனி எனப்படும் வணிகர் சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வழி: தொழில் பழகுவது, அப்பா உறுப்பினராக இருப்பது, பணம் கட்டுவது. தொழில் பழகச் சேர்ந்த பையனின் பதிவுதான் நமக்குப் பொக்கிஷம். அப்பா பெயர், ஊர், தொழில் மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். லண்டனில் தொலைந்த குடும்பத்தை ஏதோ ஒரு கிராமத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ஒரு வரிதான்.

அப்பா உறுப்பினர் என்றால் மகன் தொழில் பழகியிருக்க மாட்டான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டு லண்டன் வணிகர் தாமஸ் கிரஷாமின் அப்பா ரிச்சர்ட், துணி வணிகர்களின் மெர்சர்ஸ் கம்பெனிக்காரர். ஆனாலும் தாமஸ் சித்தப்பா ஜானிடம் எட்டு வருடம் வேலை பழகிவிட்டு, 1543-ல்தான் உறுப்பினரானார். அவர் மணந்ததும் வில்லியம் ரீட் என்ற வணிகரின் விதவையான ஆன் என்பவரைத்தான். ஆனின் சகோதரி ஜேன், நிக்கோலஸ் பேக்கனின் மனைவி. ஜேனின் மகன் நத்தானியேல் பின்னால் கிரஷாமுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளை மணந்தார். கிரஷாம் என்ற பெயரை மட்டும் தேடினால் இதில் பாதிகூடக் கண்ணில் படாது.

படி 3: சர்ச் பதிவேடு

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கும் வழக்கம் 1538-ல் வந்தது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாக நிறையப் பார்க்கலாம். லண்டன் என்றால் 1666 தீ விபத்தில் சில ஏடுகள் போய்விட்டன.

இங்கேதான் தேதி ஏமாற்றும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். நமக்குச் சித்திரையில் வருடம் பிறப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1650 மே மாதம் திருமணம், 1650 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் பதறாதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1651. கல்யாணமாகி ஒன்பது மாதம், சரியாகத்தான் இருக்கிறது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை எப்போதும் 1650/51 என்று இரட்டையாகக் குறியுங்கள்.

படி 4: கடல் தாண்டியவர்கள்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பதிவுகள் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. அங்கே 'என்/2' என்ற வரிசை சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கங்களுக்கானது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்திலும் தேடலாம்.

பழக ஒரு பயிற்சி. சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரிஸ் சர்ச் 1680-ல் திறந்தது. அதன் பதிவேட்டில் முதல் திருமணம் மேலே சொன்ன கேத்தரினுடையது. அவரை நடுவில் எழுதி, இடப்பக்கம் ஹின்மர்ஸ், வலப்பக்கம் யேல் என்று கோடு போடுங்கள். யேலுக்குப் பிறந்த மகள்களில், அம்மா பெயரையே கொண்ட கேத்தரின், நார்த் குடும்பத்துக்கும் இன்னொரு மகள் ஆன், கேவண்டிஷ் குடும்பத்துக்கும் மருமகளாகப் போனார்கள். அந்த இரண்டு வீட்டுப் பக்கமும் கோட்டை நீட்டுங்கள். தேடும்போது ஹின்மர்ஸை ஹிம்னர்ஸ் என்றும் தட்டிப் பாருங்கள். எழுத்து அப்படியும் மாறி வருகிறது.