ஓடிபி கட்டத்தில் பேஸ்ட்டைத் தடுக்காதீர்கள்

ஆப் உருவாக்குபவர்களுக்கு ஒரு சின்ன குறிப்பு. ஓடிபி கட்டத்தில் பேஸ்ட் செய்ய முடியாதபடி வைத்திருந்தால், இன்றே அதை மாற்றுங்கள். டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உள்ளவர் தட்டும்போது 482917 என்பது 489217 ஆகிவிடலாம். ஏடிஎச்டி (கவனத்தை ஒருமுகப்படுத்துவதில் சிரமம்) உள்ளவருக்கு, மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் எண் மறந்துபோகலாம். அதற்குள் நேரம் முடிந்து, அரைமணி நேரம் நிரப்பிய படிவமே காலியாகிவிடும். இதில் அவர்கள் தவறு எதுவுமே இல்லை.

2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 விதிகள் (மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் சர்வதேச வழிகாட்டி), நினைவாற்றலை நம்பாமல் உள்நுழைய ஒரு வழி வேண்டும் என்கின்றன. பேஸ்ட்டை அனுமதிப்பதே அதற்குப் பெரும்பாலும் போதும். படிவத்தின் நேரம் முடியப்போகிறதா? முன்கூட்டியே எச்சரித்து, ஒரே தட்டலில் நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி கொடுங்கள்.

அப்புறம், எல்லாம் முடிந்தபின் டெஸ்ட் செய்ய மட்டும் இப்படிச் சிரமம் உள்ள பயனர்களைக் கூப்பிடாதீர்கள். திரையைப் பேப்பரில் வரையும்போதே கூட உட்கார வையுங்கள், உரிய சம்பளத்தோடு. ஆட்டிசம் உள்ள பலருக்குத் திடீர்க் கேள்விகள் சிரமம். அதனால் கேள்விகளை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். எழுதியும் பதில் சொல்லலாம், கேமராவை அணைத்தே வைத்திருக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.